சட்டத்திற்கும் மூன்று ஓலை

சென்ற திங்களில் ஒரு ஞாயிறன்று, காலைத் திருப்பலியின் முடிவில் இரண்டு திருமண ஓலைகள் வாசிக்கப்பட்டன. மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், அவற்றுள் ஒன்றுக்குரிய மணமகளின் தந்தை கோயில் முற்றத்தில் நம்மை அணுகினார். முகத்தில் மகிழ்ச்சியைவிடக் களைப்பே மிகுந்திருந்தது. "ஐயா, வரதட்சணை வாங்கினாலும் குற்றம், கொடுத்தாலும் குற்றம் என்று சட்டம் இருக்கிறதாமே! நாற்பது பவுனும் ரொக்கமும் பேசி முடித்த பின்புதானே இந்த ஓலை எழுதப்பட்டது? டில்லியில் இருந்துகொண்டு இந்தச் சட்டத்தைச் செய்தவர்களுக்கு நம் வீடுகளின் நிலை தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டார்.

நின்றபடியே விடை கூறக்கூடிய கேள்வியாக அது நமக்குத் தோன்றவில்லை. வீட்டிற்கு வந்து ஏடுகளைப் புரட்டினோம். அவருடைய வினாவிற்கு விடையில் பாதி 1961ஆம் ஆண்டு மே மாதத்தில் பாராளுமன்றத்தின் மைய மண்டபத்தில் கூடிய ஒரு கூட்டத்திலும், மறுபாதி அதற்கு இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் மாற்றப்பட்ட சில சொற்களிலும் அடங்கிக் கிடப்பதைக் கண்டோம். கண்டதை வாசகர்களுக்கும் சொல்ல விழைகிறோம்.

பாராளுமன்றம் என்றால் மக்களவை என்றே நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். அரசியல் சட்டத்தின் 79ஆம் பிரிவோ, குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை ஆகிய மூன்றும் சேர்ந்ததே பாராளுமன்றம் என்கிறது. முன்பு லோக்சபை என வழங்கிய மக்களவைக்கு நாமே நேராக வாக்களித்து 543 பேரை அனுப்புகிறோம். தமிழ்நாட்டின் பங்கு 39, புதுவையின் பங்கு ஒன்று. ராஜ்யசபை எனப்பட்ட மாநிலங்களவையில் 245 இடங்கள். அவற்றுள் 233 இடங்களுக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். எஞ்சிய 12 பேர் கலை, இலக்கியம், அறிவியல், சமூகத்தொண்டு ஆகியவற்றில் தேர்ந்தவர்களாகக் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுகின்றனர். தமிழ்நாட்டிலிருந்து அங்கே செல்வோர் 18 பேர். மக்களவைக்கு ஆயுள் ஐந்தாண்டு. மாநிலங்களவை கலைவதே இல்லை. ஈராண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெற, அவ்விடங்களுக்குப் புதியவர் வருகின்றனர்.

இரண்டு அவைகள் எதற்கு என்று கேட்போர் உண்டு. பெண் பார்க்கச் சென்ற இடத்திலேயே வாக்குக் கொடுத்துவிட முனையும் தகப்பனை, "வீட்டிற்குப் போய்ப் பேசிக்கொள்வோம்" என்று கையமர்த்தும் பெரியவர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார் அல்லவா? அவருடைய வேலையே மாநிலங்களவையின் வேலை. வரி விதித்தல், அரசின் பணத்தைச் செலவிடுதல் ஆகியவைபற்றிய பண மசோதாக்களில் மட்டும் அப்பெரியவரின் சொல் ஏறாது. அவற்றைப் பதினான்கு நாட்களுக்குள் அவர் திருப்பி அனுப்பிவிடவேண்டும்; அவர் கூறும் ஆலோசனையை மக்களவை ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். மற்றச் சாதாரண மசோதாக்களில் இரு அவைகளுக்கும் ஒத்த உரிமை உண்டு.

இனி, மசோதா சட்டமாகும் வழி. கோயிலில் திருமண ஓலை மூன்று ஞாயிறு வாசிக்கப்படுவதைப் போலவே, மசோதாவிற்கும் ஒவ்வோர் அவையிலும் மூன்று வாசிப்புகள் உண்டு. அச்சிட்ட பிரதிகள் கைக்கு வராத அக்காலத்தில், இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எழுத்தர் எழுந்து நின்று மசோதாவை உரக்கப் படிப்பார். அப்பெயரே இங்கும் நிலைத்துவிட்டது. முதல் வாசிப்பு அறிமுகம் மட்டுமே. பெரும்பாலும் விவாதம் இராது. மசோதா அரசிதழில் வெளிவரும். மூன்றாம் வாசிப்பில் மசோதா முழுமையையும் ஏற்பதா, தள்ளுவதா என்று வாக்கெடுக்கப்படும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இரண்டாம் வாசிப்பே மசோதாவின் உயிர்நிலை. முதலில் அதன் பொதுக் கொள்கையைப்பற்றிப் பேசுவர். வேண்டுமாயின் ஒரு குழுவின் ஆய்வுக்கு அனுப்புவர். அது திரும்பி வந்தபின் பிரிவு பிரிவாக எடுத்து, ஒவ்வொரு பிரிவிற்கும் வந்துள்ள திருத்தங்களைத் தனித்தனியே வாக்கிற்கு விடுவர். "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று அவைத் தலைவர் கேட்பது இங்கேதான். ஒரு சொல் நுழைவதும் ஒரு சொல் நீங்குவதும் இந்த இடத்தில்தான். மூன்று ஓலையும் வாசிப்பது எதற்காக? தடை ஏதேனும் அறிந்தவர் வாய் திறந்து சொல்வதற்காக. இரண்டாம் வாசிப்பும் அதற்காகவே ஏற்பட்டது.

ஓர் அவை நிறைவேற்றிய மசோதா மற்றோர் அவைக்குச் சென்று அங்கும் இவ்வழியே நடக்கவேண்டும். பின்பு குடியரசுத் தலைவரின் இசைவு. அவர் ஒருமுறை மறு ஆய்வுக்கென்று திருப்பி அனுப்பலாம்; பண மசோதாவை அவ்வாறு திருப்ப இயலாது. அவைகள் மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் அவர் இசைவை மறுக்க முடியாது.

இரு அவைகளும் ஒத்துப்போகாவிடில் என் செய்வது? ஓர் அவை நிறைவேற்றியதை மற்றொன்று தள்ளிவிட்டாலோ, திருத்தங்களில் இரண்டுக்கும் உடன்பாடு ஏற்படாவிட்டாலோ, ஆறு திங்களுக்குமேல் ஒன்றும் செய்யாமல் வைத்திருந்தாலோ, குடியரசுத் தலைவர் இரு அவைகளையும் ஒரே கூரையின்கீழ்க் கூட்டலாம் என்கிறது 108ஆம் பிரிவு. பண மசோதாவிற்கும், அரசியல் சட்டத் திருத்தத்திற்கும் இவ்வழி இல்லை. குடியரசின் வரலாற்றில் மூன்று மசோதாக்களுக்காகவே இவ்வாறு கூட்டியிருக்கின்றனர். 1978இல் வங்கிப் பணித் தேர்வாணையத்தை நீக்கும் மசோதாவிற்கு ஒருமுறை. 2002இல் பயங்கரவாதத் தடுப்பு மசோதாவிற்கு ஒருமுறை. இவற்றிற்கெல்லாம் முன்பு, முதன்முதலாக 1961இல் கூட்டியது எதற்காகத் தெரியுமா? வரதட்சணைத் தடை மசோதாவிற்காக.

எல்லைத் தகராறும் உணவுப் பஞ்சமும் ஐந்தாண்டுத் திட்டமும் நாட்டைக் கவலையில் ஆழ்த்தியிருந்த காலம் அது. அவற்றுள் எதற்கும் ஒன்றாகக் கூட வேண்டியிராத இரு அவைகளும், நம் வீட்டுக் கல்யாணப் பேச்சிற்காகக் கூடின என்பதை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பே மேலிடுகிறது. நம் வீடுகளின் நிலை டில்லிக்குத் தெரியுமா என்று கேட்ட அந்தத் தந்தைக்கு நாம் கூறும் முதல் விடை இதுதான்: தெரிந்திருந்தது.

மசோதா 1959ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் மக்களவையில் அறிமுகமாயிற்று. இரு அவைகளின் உறுப்பினர்களும் அடங்கிய கூட்டுக் குழு அதை ஆராய்ந்து மாற்றங்களுடன் திருப்பியது. அதன்பின் மக்களவை ஒன்று சொல்ல, மாநிலங்களவை வேறு திருத்தம் சொல்ல, சில திருத்தங்களில் இரண்டும் தத்தம் நிலையில் உறுதியாக நின்றுவிட்டன. எது வரதட்சணை, எது அன்பளிப்பு என்பதே அன்று நெடிது பேசப்பட்ட வினா. 1961 மே 6, 9 ஆகிய நாட்களில் மைய மண்டபத்தில் கூட்டுக் கூட்டம் நடைபெற்றது. தலைமை வகித்தவர், அந்நாளைய மக்களவைத் தலைவர் அனந்தசயனம் அய்யங்கார். பிரதமர் நேருவும் பேசினார். ஆழ வேரூன்றிய சமூகத் தீமையைச் சட்டம் ஒன்றினாலேயே களைந்துவிட முடியாது. ஆயினும் மக்களுக்கு அறிவூட்டுவதற்கும் ஓர் உந்துதல் தருவதற்கும் சட்டம் தேவை என்பது அவர் பேச்சின் சாரம். மே 20ஆம் நாள் குடியரசுத் தலைவரின் இசைவு கிடைத்தது. ஜூலை முதல் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அறிமுகம் முதல் இசைவு வரை ஈராண்டுக்கும் மேல். அவசரமாகச் செய்த சட்டம் என்று எவரும் குறை கூற இயலாது.

ஆயினும் அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. காரணம் என்ன?

மணமக்களுள் ஒருவர்க்கு மற்றவர் தரப்பிலிருந்து "திருமணத்திற்குக் கைமாறாக" கொடுக்கப்படும் சொத்தே வரதட்சணை என்று அச்சட்டம் பொருள் வரையறுத்தது. கைமாறாக என்ற அந்தச் சொல்லில்தான் இடர் அனைத்தும் குடியிருந்தது. பெண்வீட்டார் கொடுத்தனர், பிள்ளைவீட்டார் பெற்றனர் என்று காட்டினால் மட்டும் போதாது. இதைக் கொடுத்தால்தான் திருமணம், இல்லையேல் இல்லை என்ற எண்ணத்தோடு கொடுக்கப்பட்டது என்பதையும் மெய்ப்பிக்கவேண்டும். நெஞ்சுக்குள் இருந்த எண்ணத்திற்குச் சாட்சி எங்கே தேடுவது? போதாக்குறைக்கு, திருமண வேளையில் பணமாகவோ நகையாகவோ துணியாகவோ வேறு பொருளாகவோ வழங்கும் அன்பளிப்புகள், கைமாறாகத் தரப்பட்டாலன்றி, வரதட்சணை ஆகமாட்டா என்று ஒரு விளக்கமும் சேர்க்கப்பட்டது. நம் ஊர்களில் பிள்ளையைப் பெற்றவர் எங்கே வாய்திறந்து கேட்கிறார்? "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்பார். மூத்த மருமகள் எத்தனை பவுனோடு வந்தாள் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லி வைப்பார். அவ்வளவுதான். அந்த விளக்கத்தின் நிழலில் நாற்பது பவுனும் அன்பளிப்பாய் ஒதுங்கிக்கொள்ளும்.

கொடுத்தவரும் குற்றவாளி என்று சட்டம் வைத்ததால், மகளைக் கட்டிக்கொடுத்த தகப்பன் நீதிமன்றம் ஏறினால் தானும் கூண்டில் நிற்க நேரும். காவல்துறை தானாக முன்வந்து பிடிக்கக்கூடிய குற்றமாகவும் அது அமையவில்லை. புகாரை ஓராண்டிற்குள் கொடுத்தாகவேண்டும். புதிதாகக் கட்டிக்கொடுத்த பெண் அங்கே வாழ்ந்துகொண்டிருக்கும் முதல் ஆண்டில் எந்தத் தாய் புகார் எழுதுவாள்? வரதட்சணை கேட்ட குற்றத்திற்கோ, மாநில அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்கே தொடர முடியாது. சட்டம் செய்தவர்களுக்கு நம் வீடுகளின் துன்பம் தெரிந்திருந்தது. நம் வீடுகளின் பேச்சு வழக்கு தெரிந்திருக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். கூட்டுக் குழு வைத்தும், கூட்டுக் கூட்டம் கூட்டியும் இப்படி ஆயிற்று.

பாராளுமன்றத்தின் ஒரு சொல் நம் மக்களின் வீட்டிற்குள் எவ்வளவு ஆழமாக நுழையும் என்பதற்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். இது கிறிஸ்தவக் குடும்பங்களுக்கே உரியது. பழைய திருவிதாங்கூரில் 1916ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்குக் கிடைப்பது மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது. ஸ்திரீதனம் பெற்றவளுக்கு அதுவும் இல்லை. 1951இல் பாராளுமன்றம் செய்த ஒரு சட்டம், இந்திய வாரிசுரிமைச் சட்டத்தை அப்பகுதிக்கும் நீட்டியது. அதற்கு "ஒத்த" உள்ளூர்ச் சட்டங்கள் ஒழியும் என்றும் கூறியது. ஒத்த என்பதற்குள் 1916ஆம் ஆண்டுச் சட்டம் அடங்குமா என்ற வழக்கு ஓயவே இல்லை. அடங்கும் என்றும், 1951 ஏப்ரல் முதலே மகளுக்குச் சம பங்கு உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1986இல், மேரி ராய் வழக்கில். முப்பத்தைந்து ஆண்டுகள்! அதற்குள் எத்தனை மகள்மார் பங்கின்றிக் கல்லறை சேர்ந்தனரோ. இன்று குமரி மாவட்டமாக நம்மோடு இருக்கும் பகுதியும் அந்நாளில் திருவிதாங்கூரே என்பதை வாசகர்கள் நினைவு கூர்வர்.

வரதட்சணைக்கு வருவோம். புகுந்த வீட்டில் இளம்பெண்கள் தீப்பட்டு இறக்கும் செய்திகள் பெருகின. 1979இல் டில்லித் தெருக்களில் பெண்கள் ஊர்வலம் வந்தனர். அவைகள் மீண்டும் ஒரு கூட்டுக் குழு அமைத்தன. அக்குழு பலரிடம் சாட்சியம் கேட்டு, 1982 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. கைமாறு என்ற சொல்லை வைத்துக்கொண்டு எதையும் மெய்ப்பிக்க இயலாது என்பதை அது கண்டுகொண்டது. 1984இல் வந்த திருத்தச் சட்டம் அச்சொல்லை நீக்கிவிட்டு, "திருமணம் தொடர்பாக" என்ற சொற்களை அங்கே வைத்தது. அன்பளிப்புபற்றிய அந்த விளக்கத்தையும் எடுத்தெறிந்தது. ஓராண்டுக் கெடு போயிற்று. மாநில அரசின் முன் அனுமதியும் போயிற்று. பெண்ணின் பெற்றோரும் உறவினரும், அங்கீகாரம் பெற்ற நல அமைப்புகளும் புகார் தரலாம் என்றாயிற்று. 1986இல் மற்றொரு திருத்தம்: தண்டனை குறைந்தது ஐந்தாண்டு சிறை, தான் வாங்கவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில், இடருற்றவர் கொடுக்கும் வாக்குமூலத்தைக் கொண்டு அவர்மீதே வழக்குத் தொடரலாகாது என்ற பாதுகாப்பு. திருமணமான ஏழாண்டுகளுக்குள் நேரும் வரதட்சணைச் சாவு தனிக் குற்றமானதும் அதே ஆண்டில்தான். 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 80ஆம் பிரிவாக நிற்கிறது. இத்தனைக்குப் பின்னும் 2022ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் 6,000க்கும் மேற்பட்ட வரதட்சணைச் சாவு வழக்குகள் பதிவாயின. நேரு கூறியதன் முற்பகுதி மெய்யாயிற்று.

எனினும், 1984ஆம் ஆண்டின் சொல் மாற்றம் ஒரு குழு உட்கார்ந்து, பாதிக்கப்பட்டோர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டதன் பயன் என்பதை நாம் மறக்கலாகாது. 1993 முதல் அமைச்சகவாரியாக நிலைக்குழுக்கள் உள்ளன. இன்று அவை 24. ஒவ்வொன்றிலும் மக்களவையினர் 21 பேர், மாநிலங்களவையினர் 10 பேர். மசோதா அங்கே சென்றால், பொதுமக்கள் கருத்து எழுதி அனுப்புமாறு செய்தித்தாள்களில் அறிவிப்பு வருவதுண்டு. நம் பங்கு அன்பியங்களோ, மாதர் சங்கமோ, தனி ஒரு குடும்பமோ எழுதலாம். ஆனால் மசோதாக்கள் அங்கே செல்வதே அருகி வருகிறது. 2009 முதல் 2014 வரை இருந்த மக்களவைக் காலத்தில் பத்தில் ஏழு மசோதாக்கள் குழுக்களுக்குச் சென்றன; 2019 முதல் 2024 வரை ஏறத்தாழ ஆறில் ஒன்றே சென்றது. கூச்சலுக்கிடையே சில நிமிடங்களில் குரல் வாக்கெடுப்பால் மசோதா நிறைவேறும் காட்சியும் நமக்குப் பழகிவிட்டது. ஆளுங்கட்சியாக இருக்கும்போது அவசரமும், எதிர்க்கட்சியாக இருக்கும்போது குழுவின்மேல் பற்றும் எல்லாக் கட்சியினருக்கும் வருகிறது. தனி உறுப்பினர் கொண்டுவரும் மசோதாக்களுக்கென்று வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் ஒதுக்கிய நேரத்தின் கதியும் இரங்கத்தக்கது. இதுவரை அவ்வாறு வந்தவற்றுள் சட்டமானவை பதினான்கே. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல். தமிழ்நாட்டு உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதா 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறியும், மக்களவையைக் கடக்கவில்லை.

ஒரு மாலையில் அந்தத் தந்தையின் வீட்டிற்குச் சென்று இவற்றையெல்லாம் கூறினோம். இரண்டாம் ஓலை அதற்குள் வாசிக்கப்பட்டிருந்தது. 1985ஆம் ஆண்டில் மைய அரசு வகுத்த விதிகளைப்பற்றியும் சொன்னோம்: மணமகளுக்கு வந்த அன்பளிப்புகளுக்கு ஒரு பட்டியல், மணமகனுக்கு வந்தவற்றிற்கு ஒரு பட்டியல், பொருள் இன்னது, ஏறத்தாழ மதிப்பு இவ்வளவு, கொடுத்தவர் இன்னார், என்ன உறவு என்று எழுதி, மணமக்கள் இருவரும் கையெழுத்திடவேண்டும். மொய் நோட்டில் ஐம்பது ரூபாய்க்கும் வரி விடாமல் கணக்கு எழுதும் நம் மக்கள், இந்தப் பட்டியலை எழுதி நாம் எங்கும் பார்த்ததில்லை.

"அதற்கு முத்திரைத்தாள் வாங்கவேண்டுமா ஐயா?" என்றார் அவர்.

வேண்டாம், நோட்டுப் புத்தகத்தின் தாளே போதும் என்றோம். ஆனால் பிள்ளைவீட்டார் கேட்டு வாங்கியதைப் பட்டியலில் எழுதினாலும் குற்றம் குற்றமே. கேளாமல் கொடுத்ததற்கு மட்டுமே பட்டியல் காப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னோம்.

காப்பி கொண்டுவந்து வைத்த மணமகள் அதுவரை வாய் திறக்கவில்லை. "அப்படியானால், அப்பா, நாற்பது பவுனில் அவர்கள் கேளாமல் நீங்கள் கொடுப்பது எத்தனை?" என்று கேட்டாள். அவர் விடை சொல்லவில்லை. சிறிது நேரம் தரையையே பார்த்திருந்துவிட்டு, மறுநாள் மாப்பிள்ளை வீடு வரைக்கும் தம்மோடு வரமுடியுமா என்று நம்மைக் கேட்டார். வருவதாகக் கூறி எழுந்தோம்.